விண்வெளியில் வடக்கு எந்தப் பக்கம்?

"அக்கா, இதுக்கு வாலே இல்லக்கா."

வேனின் பின்கதவுக்குள் தலையை விட்டிருந்த சிக்கந்தர் அப்படிச் சொன்னதும் தனலெட்சுமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன வாலு?"

"வயரு, பிளக்கு. கரண்ட் இல்லாம ஓடுற கேம் மெஷினை என் நாப்பது வருஷ வாழ்க்கையில பார்த்ததில்ல."

"உனக்கு முப்பத்தெட்டுதானே?"

"மச்சான் வேனை ஓட்டினதுல ரெண்டு கூடிருச்சு."

சிம்பாங் ரெங்கத்தில் டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்து அது. கடைக்கு மேல் மாடியில்தான் தனலெட்சுமியின் துப்பறியும் அலுவலகம். காப்புறுதிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர் அவர். கடை எரிந்துவிட்டது என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வருகிறவர்களில் யார் அழுகிறார், யார் மண்ணெண்ணெய் ஊற்றினார் என்று வாசலிலேயே பிரித்துவிடுவார். சிக்கந்தர் அவருடைய உதவியாளன். பத்து பகாட்டிலிருந்து மெர்சிங் வரைக்கும் அவன் சொந்தக்காரர்கள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். அந்தப் பெரிய குடும்பத்தில் ரொட்டி வீசத் தெரியாத ஒரே ஆள் இவன்தான் என்பதால் துப்பறிய அனுப்பிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அவனும் அதை மறுத்ததில்லை.

வேனுக்குள் நின்றது ஒரு வீடியோ கேம் பெட்டி. பழைய காலத்துக் கடைகளில் காசு போட்டு ஆடுவார்களே, அந்த மாதிரி. ஆனால் அகலத்தில் இரண்டு பங்கு. முன்பக்கம் கண்ணாடித் திரை, ஆட்டுவதற்கு ஒரு குச்சி, சிவப்புப் பொத்தான்கள், காசு போடும் துளை எல்லாம் இருந்தன. நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'விண் வேட்டை' என்று தமிழில் எழுதியிருந்தது. ராத்திரி முழுக்க அந்த வேன் கல்யாணச் சாப்பாடு சுமந்ததால் விண்வெளி முழுவதும் பிரியாணி வாசம்.

பக்கத்தில் ஷாந்தினி நின்றுகொண்டிருந்தாள். வயது இருபத்துநாலு. மழைக்கான அறிகுறியே இல்லாத காலையில் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வழக்கைக் கொண்டு வந்தவள் அவள்தான். ஜோகூர் பாருவில் ஒரு சினிமாக் குழுவில், செட்டுக்குப் பொருள் செய்யும் பிரிவில், ஒரே ஒரு இடம் காலி. இரண்டு பேர் போட்டி. கலை இயக்குநர் ஒரு பரீட்சை வைத்திருந்தார்: திரையில் வந்த பழைய பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டும், எந்தத் திரையில் வந்தது என்று காட்டவேண்டும், அதைச் செய்தவரே கைப்பட எழுதிக் கொடுத்த சான்றும் வேண்டும். பெட்டியை அவளே வாங்கிவிட்டாள்; எந்தத் திரையில் வந்தது, யார் செய்தார் என்பதுதான் தெரியவில்லை. கெடு இன்று வியாழக்கிழமை மாலை ஐந்து மணி; அதற்குள் போனில் அனுப்பினாலும் போதும்.

"இன்னொரு ஆளு என்ன கொண்டு வந்திருக்கான்?" என்று கேட்டான் சிக்கந்தர்.

"நாற்காலி. நேத்தே குடுத்துட்டான்."

"நாற்காலியா? நம்மது நாற்காலியை உள்ளயே வெச்சிருக்குமா. நாமதான் ஜெயிப்போம்."

அவன் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே பலகையில் ஆணி அடித்துப் பொருத்திய முக்காலி ஒன்று. எதிரே ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் ஒரு நீளமான துணிச்சுருள் திரைக்குப் பின்னால் மெல்ல நகர்ந்தது. பக்கத்தில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் துணிக்கு முன்னால் ஒரு தகர ராக்கெட் இடமும் வலமும் ஓடியது. முன்னால் இருந்த ஆட்டுக்குச்சி எதோடும் சேரவில்லை, வெறுமனே ஆடியது.

"ஒரு ஆளு உள்ள உட்கார்ந்து சுத்தியிருக்கான்," என்றார் தனலெட்சுமி. "பேரு தமிழ்ல இருக்கு. இந்த நாட்டுல எந்தக் கடைக்காரன் தமிழ்ல பேர் போட்ட மெஷின் வெச்சான்? இது ஆடறதுக்குச் செஞ்சது இல்ல. தமிழ்ப் படத்துக்கோ டிவி நாடகத்துக்கோ செஞ்சது."

"உண்மையான மெஷினையே வெச்சுப் படம் பிடிக்கலாமே?"

"அந்தக் காலத்து டிவி திரையைக் கேமராவில பிடிச்சா கோடு கோடா ஓடும். அதான் துணியில வரைஞ்சு பின்னால லைட் போட்டிருக்காங்க."

சிக்கந்தர் ஷாந்தினியின் குடையைப் பார்த்தான். கைப்பிடிக்குக் கீழே ஒரு வெள்ளை லேபிள். நாலு மூலையும் சாய்வாக வெட்டி, கறுப்பு மையில் முத்து முத்தாக எழுதி ஒட்டியிருந்தது.

"என்னம்மா, குடைக்கு ரோட் டேக்ஸ் ஒட்டியிருக்கே?"

"எங்கப்பாதான்," என்றாள் அவள் வெட்கத்தோடு. "ரிட்டயர்ட் கவர்மெண்ட் சர்வண்ட். வீட்டுல எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு. சாமி படத்துக்குக்கூட."

"உனக்கு?"

"எனக்குத்தான் கவர்மெண்டே ஐ.சி. கார்டுல நம்பர் குடுத்திருக்குல்ல, அதனால விட்டுட்டாரு." சிரித்தவள் உடனே முகம் வாடினாள். "அவருக்கு இது எதுவும் தெரியாது அண்ணே. அக்கவுண்ட்ஸ் இன்டர்வியூன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். டிவியில தமிழ் நாடகம் ஓடினாலே எழுந்து வந்து அணைச்சிடுவாரு. சினிமா வேலைன்னா வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு."

தனலெட்சுமி அதற்குள் டார்ச் விளக்கோடு பெட்டிக்குள் பாதி போயிருந்தார். "சிக்கந்தர், முக்காலிக்கு அடியில பாரு."

அங்கேயும் ஒரு லேபிள் இருந்தது. பாதி கிழிந்து போயிருந்தது. மிச்சத்தில் ஒரு மூலை சாய்வாக வெட்டியிருக்க, 'LG/0007' என்ற எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது.

"அலமாக்!" சிக்கந்தர் பின்வாங்கினான். "கவர்மெண்ட் நம்பர்க்கா. ஆபீஸ் மேசைக்கெல்லாம் இப்படித்தான் ஒட்டுவாங்க. எவனோ கவர்மெண்ட் சொத்தைத் தூக்கிட்டு வந்து கேம் மெஷின் பண்ணியிருக்கான்!"

ஷாந்தினிக்கு முகம் வெளுத்துவிட்டது. "திருட்டுப் பொருளா? அப்ப வேலையும் போச்சு, போலீசும் வருமா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க," என்றார் தனலெட்சுமி. லேபிளை நகத்தால் ஒருமுறை தடவினார். குடையை ஒருமுறை பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஏதோ கிடைத்துவிட்டது என்று சிக்கந்தருக்குத் தெரியும், கேட்டால் வாயைத் திறக்கமாட்டார் என்றும் தெரியும். அந்த எரிச்சலிலேயே அவன் ஆறு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான்.

"கைப்பிடியைச் சுத்து," என்றார்.

சிக்கந்தர் உள்ளே போய்ச் சுற்றினான். திரையில் நட்சத்திரங்கள் வந்தன. பறக்கும் தட்டுகள் வந்தன. கீழே நிலாவின் மேடு பள்ளங்கள் வட்டத்துக்குள் வட்டமாக வந்தன. ஒவ்வொரு கோடும் அளவுகோல் வைத்து இழுத்தது. கடைசியில் வலது மூலையில் ஓர் அம்புக்குறி மேல்நோக்கி வந்து நின்றது. அதன் தலையில் 'வ' என்று எழுதியிருந்தது. கீழே பட்டையாக ஒரு தூர அளவு, மேட்டின் உச்சியில் பொடியாக ஓர் எண்.

சிக்கந்தர் கதவு வழியாகத் தலையை வெளியே நீட்டினான். "வடக்கா? விண்வெளியில எதுக்குக்கா வடக்கு? ராக்கெட் டிரைவர் வழி தெரியாம நிப்பான்னா?"

தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது நிலாவே இல்லடா. இந்த வட்டமெல்லாம் மலையோட உயரக் கோடு. குளுவாங்ல இருக்கிற லம்பாக் மலை. டாக்டர் சொன்னாருன்னு மாசம் ஒருதரம் ஏறுறேனே."

"நீங்க பாதி வழியில திரும்பிடுவீங்களே."

"அந்தப் பாதி வழியிலதான் வரைபடப் பலகை இருக்கு. மூச்சு வாங்குற நேரம் முழுக்க அதைத்தான் பார்ப்பேன்."

அப்படியானால் வரைந்தவர் ஓவியர் இல்லை. நில அளவைப் படம் வரைகிறவர். நிலாவை வரையச் சொன்னாலும் தனக்குத் தெரிந்த மலையைத்தான் வரைவார், வடக்கு போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. துணியும் அந்த வேலைக்கான மெழுகுத் துணியேதான். பெட்டியின் அடிப்பலகையில் இன்னொன்றும் கிடைத்தது: பாஸ்போர்ட் படம் வெட்டும்போது விழும் வெள்ளை ஓரத்துண்டுகள், கை நிறைய.

"பெட்டி வருஷக்கணக்கா போட்டோ ஸ்டூடியோவில தூங்கியிருக்கு," என்றார் தனலெட்சுமி. "நீ எங்கம்மா வாங்கினே?"

"பாலோவில, பழைய இரும்புக் கடையில."

சிக்கந்தர் போனை எடுத்தான். பாலோவில் சாச்சாவுக்கு ஒரு அழைப்பு, அவர் இரும்புக்கடைக்காரரிடம் கேட்டுச் சொன்ன ஊரில் மாமிக்கு ஒரு அழைப்பு. நாலாவது நிமிடம் பதில் வந்தது.

"சாஆங்கிற ஊருல ரூபேந்திரன்னு ஒருத்தரு. ஸ்டூடியோவைப் போன மாசம்தான் காலி பண்ணாராம். மாமி மத்தியானத்துக்குக் கோழிக் குழம்பு வெச்சிருக்காங்களாம், அதையும் கேட்காமலே சொன்னாங்க."

*

ரூபேந்திரனுக்கு எழுபது வயதுக்கு மேல். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது அலங்கார மீன் விற்றுக்கொண்டிருந்தார். வேனின் கதவைத் திறந்ததுதான் தாமதம், பெட்டியைப் படாரென்று ஒரு தட்டுத் தட்டினார்.

"அட, பெட்டி சாரோட பெட்டி! என் மகன் இதையா இரும்புக் கடைக்குப் போட்டான்? முட்டாப் பய!"

"பெட்டி சாரா?" என்றார் தனலெட்சுமி.

"உள்ள உட்கார்ந்திருந்த ஆளு. பேரு சொல்லமாட்டாரு. நாங்க வெச்ச பேருதான் அது. தொண்ணூறுல டிவிக்கு 'எட்டாவது காசு'ன்னு ஒரு ரெண்டு மணி நேர நாடகம் எடுத்தோம், குளுவாங்ல. நான்தான் கேமரா. வாங்க வாங்க, காட்டுறேன்."

மீன் தொட்டிகளுக்கு நடுவில் இருந்த டிவியில் அவர் ஒரு பென்டிரைவைச் சொருகினார். பழைய கேசட்டிலிருந்து யாரோ மாற்றிக் கொடுத்தது. படம் மங்கல்தான், ஆனால் தெரிந்தது. கதாநாயகன் 'விண் வேட்டை' முன்னால் நிற்கிறான். காசு போடுகிறான். குச்சியைப் பிடிக்க அவன் கையை நீட்டுவதற்குள் ராக்கெட் தானாக இடது பக்கம் பாய்கிறது. கதாநாயகன் நிஜமாகவே மிரண்டு பார்க்கிறான்.

"என்ன சார், ராக்கெட் முந்துது?" என்றான் சிக்கந்தர்.

ரூபேந்திரன் தொடையில் அடித்துச் சிரித்தார். "அதானே கதை! எடுக்கும்போது அது குடும்ப நாடகம் தம்பி. பெட்டி சாருகிட்ட டைரக்டரு, பத்தாவது செகண்ட்ல திருப்புங்கன்னு சொல்லியிருந்தாரு. இவரு கடிகாரத்தைப் பார்த்து டாண்ணு பத்தாவது செகண்ட்ல திருப்பிட்டாரு. ஹீரோ ரெடியா இல்லையான்னு பார்க்கவே இல்ல. எத்தனை டேக் போனாலும் இதே கூத்து. கடைசியில டைரக்டரு தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டு, சரி, மெஷினுக்குள்ள பேய் இருக்குன்னு கதையை மாத்திடலாம்னு சொல்லிட்டாரு. அந்த வருஷம் அதைத்தான் ஊரே பார்த்துச்சு."

ஷாந்தினி போனில் அந்தக் காட்சியைப் பதிவு செய்துகொண்டாள். முகத்தில் இப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் கழுத்தறுப்பு.

"அங்கிள், பெட்டி சாரு யாரு? எங்க இருப்பாரு?"

"அது தெரியாதும்மா. கவர்மெண்ட் வேலையில இருந்தாரு. பர்மிஷன் இல்லாம வெளிவேலை பார்த்தா தலை போயிடும்னு ஒரே பயம். சனி ஞாயிறுல மட்டும் வருவாரு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே பெட்டிக்குள்ள போயிடுவாரு. டைட்டில்ல கூட 'ஒரு நண்பர்'னுதான் போட்டோம். முடிஞ்சதும் நான் பெட்டியை இங்க ஏத்திட்டு வந்துட்டேன். அவரு போயி டைரக்டரைக் கேட்டிருக்காரு, அந்த மனுசன் பெட்டி கோலாலம்பூர் போயிருச்சுன்னு அடிச்சு விட்டிருக்காரு. பாவம், சொந்தச் செலவுல செஞ்ச பெட்டி. அப்புறம் ஆளைப் பார்க்கவே இல்ல."

"படம் ஏதாவது?"

ஒன்றே ஒன்று இருந்தது. படப்பிடிப்பு இடைவேளையில் எடுத்தது. பெட்டியின் பின்கதவு ஒரு சாண் திறந்திருக்க, உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. கையில் தேநீர்க் கிளாஸ். கிளாஸைச் சுற்றி நாலாக மடித்த ஒரு வெள்ளைக் கைக்குட்டை.

"இந்தக் கையை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்க ஜோசியக்காரன்தான் வரணும்," என்றான் சிக்கந்தர்.

மணி ஒன்று. ஷாந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு மணி நேரத்துல பேரே தெரியாத ஆளை எங்கக்கா போயித் தேடுறது? விட்டுடலாம். அந்த நாற்காலிக்காரனே போகட்டும்."

"முதல்ல சாப்பிடு," என்றார் தனலெட்சுமி. "சிக்கந்தர், சாப்பிட்டதும் குளுவாங் போ. எங்க திரும்பணும்னு நான் சொல்றேன்."

மாமியின் கோழிக் குழம்பு யாரையும் சும்மா விடாது. யோங் பெங் தாண்டுவதற்குள் ஷாந்தினி பின்சீட்டில் குடையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

*

வேன் நின்றதும் கண் விழித்தவள் வெளியே பார்த்து அலறாத குறை.

"அக்கா! இது எங்க வீடு!"

சிக்கந்தர் வேனின் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். கேட்டில் ஒரு வெள்ளை லேபிள். தபால் பெட்டியில் ஒன்று. வாசலில் வரிசையாக இருந்த பதினோரு பூந்தொட்டிகளிலும் பதினோரு லேபிள். நாலு மூலையும் சாய்வாக வெட்டியது, முத்து முத்தான எழுத்து. அவன் குடையைப் பார்த்தான், பின்னால் திரும்பிப் பெட்டியைப் பார்த்தான்.

"அலமாக்," என்றான் மெதுவாக.

"கவர்மெண்ட் லேபிள் அச்சடிச்சு வரும்," என்றார் தனலெட்சுமி. "பெட்டியில இருக்கிறது கையால எழுதினது. குடையில KS/KLG ன்னு ஆரம்பிக்குது. கே.எஸ்.னா கனகசுந்தரம், கே.எல்.ஜி.னா குளுவாங்; உங்கப்பா பேரும் ஊரும் நீ எழுதிக் குடுத்த விலாசத்துலயே இருக்கு. பெட்டியில கிழிஞ்சது போக அந்த LG மட்டும் மிச்சம். உங்கப்பா எந்த ஆபீஸ்லம்மா இருந்தாரு?"

"நில அளவை ஆபீஸ்ல... பிளான் வரையற வேலை." ஷாந்தினி குடையின் லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லக்கா. எங்கப்பாவா? அவரு சினிமாத் தியேட்டர் பக்கமே போனதில்ல!"

"பேசாம நான் வண்டியைத் திருப்பட்டா?" என்றான் சிக்கந்தர். அந்தப் பெண்ணைப் பார்க்க அவனுக்கே பாவமாக இருந்தது.

"அது அவ முடிவு. சொல்லும்மா. உள்ள போனா உன் பொய் வெளிய வரும். போகலைன்னா அஞ்சு மணி ஆயிடும்."

ஷாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி, தானே கேட்டைத் திறந்தாள்.

கனகசுந்தரத்துக்கு வயது அறுபத்தாறு. மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா. பேச்சில் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. மகளையும் பின்னால் வந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வாங்கோ, இருங்கோ," என்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஷாந்தினி எல்லோருக்கும் தேநீர் கொண்டு வந்தாள். அவர் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்தார், கிளாஸைச் சுற்றிப் பிடித்தார், குடித்தார்.

சிக்கந்தருக்குப் புரையேறிவிட்டது. தனலெட்சுமி அவன் காலை மிதித்தார்.

"சார், தொண்ணூறுல ஒரு டிவி நாடகத்துக்கு நீங்க ஒரு பெட்டி செஞ்சு குடுத்தீங்களாமே?"

கிளாஸ் பாதியில் நின்றது. "நானோ? அரசாங்க ஊழியர் அனுமதி இல்லாமல் வெளிவேலை செய்யக்கூடாது அம்மா. முப்பத்தாறு வருஷம் சேவை செய்தனான். ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட எனக்கு வந்ததில்லை. நீங்கள் வேற ஆரையோ தேடிறீங்கள்."

ஷாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். மணி மூன்றரை.

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் தனலெட்சுமி நிம்மதியாக. "உங்க பேரு கெடாம இருக்கும். அதை வரைஞ்ச ஆளு சரியான அரைகுறையாம். லம்பாக் மலைக்கு நானூத்தி எண்பது மீட்டர்னு போட்டு வெச்சிருக்காராம், எல்லாரும் சிரிக்கிறாங்க."

கிளாஸ் மேசையில் டக்கென்று இறங்கியது.

"எந்த மடையன் சொன்னவன்?" கனகசுந்தரம் எழுந்தேவிட்டார். "ஐந்நூற்றுப் பத்து! நான் ரெண்டு தரம் சரிபார்த்து வரைஞ்சனான்! எங்க அந்தப் பெட்டி? எங்க எண்டு கேக்கிறன்!"

அவர் வாசலைத் தாண்டி, தொட்டிகளைத் தாண்டி, வேனுக்குள் ஏறி, பெட்டியின் பின்கதவைத் திறந்து, பழகிய கையால் கைப்பிடியைப் பதினாறு சுற்றுச் சுற்றினார். சரியாக அந்த இடம் வந்து நின்றது. "பாருங்கோ! ஐந்நூற்றுப் பத்து! கண் தெரியுதோ?"

அவர் கை இன்னும் கைப்பிடியில் இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சிக்கந்தரால் அடக்கமுடியவில்லை. "சார், அது கெடக்கட்டும். விண்வெளியில எதுக்கு சார் வடக்கு?"

"வடக்கு போடாட்டி அது வரைபடம் இல்லைத் தம்பி, கிறுக்கல்," என்றார் கனகசுந்தரம். ஆனால் குரலில் பழைய முறுக்கு இல்லை. வேனின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியின் பக்கத்தை மெல்லத் தடவினார். "உன்னை எங்கெல்லாம் தேடினனான்," என்றார், பெட்டியைப் பார்த்து.

"அப்பா," என்றாள் ஷாந்தினி. "எனக்கு அக்கவுண்ட்ஸ் இன்டர்வியூ இல்ல."

"தெரியும் பிள்ளை. அக்கவுண்ட்ஸ் இன்டர்வியூவுக்கு ஒருத்தரும் நகத்தில பெயின்ற்றோட போறதில்லை. பொய் எண்டு தெரியும். என்ன பொய் எண்டுதான் தெரியேல்லை."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சினிமாக் குழு, ஒரே ஒரு இடம், ஐந்து மணி, நாற்காலிக்காரன். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். "எனக்கு இந்த வேலை வேணும்பா. பொருள் செய்யற வேலைதான் எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க திட்டினாலும் பரவாயில்ல, எனக்குப் பொய் சொல்லி அலுத்துப் போச்சு."

கனகசுந்தரம் நகர்ந்து, வேனின் விளிம்பில் மகளுக்கு இடம் விட்டார்.

"எனக்கும்தான் அலுத்துப் போச்சு," என்றார். "அந்த மூண்டு மாசம்தான் நான் வேலை செய்யிறன் எண்ட நினைப்பே இல்லாமல் வேலை செய்தனான். அவ்வளவு சந்தோஷம். ஆனால் பயம் பிள்ளை. டிவியில அந்த நாடகத்தைத் திரும்பப் போட்டால், ஆராவது என்னைக் கண்டுபிடிச்சுக் கடிதம் போட்டிடுவினமோ எண்டு. அதுதான் தமிழ் நாடகம் எண்டாலே அணைச்சுப்போடுவன்."

"சார், ரிட்டயராகி எட்டு வருஷம் ஆச்சு," என்றான் சிக்கந்தர். "இனிமே யாரு சார் கடிதம் போடுவா? போட்டாலும் போஸ்ட் பாக்ஸுக்கு நம்பர் இருக்கு, தொலையாம வந்துரும்."

கனகசுந்தரம் அவனை முறைத்தார். முறைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். முப்பத்தைந்து வருடப் பயம் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் உதிர்ந்தது.

உள்ளே போய் ஒரு தடித்த பதிவேட்டோடு வந்தார். வீட்டுப் பொருள்களின் பட்டியல். ஏழாம் எண்ணில் 'விளையாட்டுப் பெட்டி, ஒன்று' என்று இருந்தது. அதற்கு நேராக, வருடா வருடம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி போட்டு, ஒரே வரி: 'காணவில்லை. தேடவும்.' ஷாந்தினி எண்ணிப் பார்த்தாள். முப்பத்தைந்து தடவை எழுதியிருந்தது. அவள் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் அழ ஆரம்பித்தாள், இந்த முறை சிரித்துக்கொண்டு.

நாலு மணிக்குச் சான்று தயார். அழகான எழுத்து, மூன்று பிரதி; ஆனால் அடியில் பெயருக்குப் பதில் 'கே.எஸ்.' என்று மட்டும். ஷாந்தினி அதைப் படம் எடுத்து, நாடகக் காட்சியோடு அனுப்பினாள். நாலரைக்குக் கலை இயக்குநரிடமிருந்து பதில் வந்தது: 'பெட்டி இப்பவும் ஓடுமா? ஓடினால் வீடியோ வேண்டும்.'

எல்லோரும் கனகசுந்தரத்தைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பேனாக்களை எடுத்துத் தனலெட்சுமியிடம் கொடுத்துவிட்டு, பின்கதவு வழியாகப் பெட்டிக்குள் நுழைய ஆரம்பித்தார். முதுகு போனது, முழங்கால் போகவில்லை. சிக்கந்தர் பின்னாலிருந்து தள்ளினான். "தொண்ணூறுல இவ்வளவு டைட்டா சார்?" என்று கேட்டதற்கு, "பெட்டி சுருங்கிப் போச்சு," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. விளக்குக்குப் பதிலாகத் தனலெட்சுமியின் போனும் சிக்கந்தரின் போனும் உள்ளே போயின.

ஷாந்தினி வேனுக்குள் ஏறி முன்னால் நின்றாள். "ரெடியாப்பா? பத்தாவது செகண்ட்ல திருப்புங்க."

தனலெட்சுமி அவள் போனை வாங்கிப் படம் பிடித்தார். நட்சத்திரங்கள் வந்தன. தட்டுகள் வந்தன. லம்பாக் மலை நிலாவில் எழும்பியது. ஷாந்தினி குச்சியை நோக்கிக் கையை நீட்டினாள். அவள் தொடுவதற்குள் தகர ராக்கெட் இடது பக்கம் பாய்ந்தது.

"அப்பா! நான் இன்னும் ஆட்டவே இல்ல!"

"பத்து செக்கன் முடிஞ்சுது பிள்ளை! நீதான் லேற்!"

அதையும் சேர்த்துத்தான் வீடியோ போனது, மணி நாலு ஐம்பத்திரண்டுக்கு. ஐந்தாக ஒரு நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. ஷாந்தினி அதைச் சத்தமாகப் படித்தாள்: 'திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பெட்டியோடு வேலைக்கு வா. உள்ளேயிருந்து கத்துகிறவர் யார்?'

அவள் பெட்டியின் கதவைத் திறந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவரால் வெளியே வர முடியாததால் அப்படியே உட்கார்ந்து கட்டிக்கொள்ளப்பட்டார்.

அவரை வெளியே இழுத்து, அவர் சட்டையைச் சரிசெய்துவிட்டு, சிக்கந்தர் வேன் கதவைச் சாத்தப் போனான். "வேனையும் சாவியையும் இங்கயே விட்டுட்டு நாங்க பஸ்ல போறோம், திங்கக்கிழமை விடியக்காலையில வந்து ஓட்டிட்டுப் போறேன்மா."

"நில்லும்," என்றார் கனகசுந்தரம். "என்ர வீட்டுப் பொருள் படிவம் இல்லாமல் எங்கையும் போகாது."

சொன்னபடியே ஒரு தாளில் கோடு இழுத்துப் படிவம் தயாரித்தார். சிக்கந்தர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். எடுத்துச் செல்பவர்: ஷாந்தினி. காரணம் என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு 'சினிமா வேலை' என்று எழுதியது. திருப்பித் தரும் தேதி என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்து மூடிவிட்டார்.

"டேட் போடலையே சார்?"

"வேலை நல்லாப் போனால் ஏன் திரும்பி வரவேணும்?"

கடைசியில், பொருளைச் செய்தவர் என்று ஒரு வரி. இவ்வளவு காலம் 'ஒரு நண்பர்' என்று இருந்த இடம் அது. கனகசுந்தரம் பேனாவை மாற்றி, மை நன்றாக இறங்கும் பேனாவை எடுத்து, தன் முழுப் பெயரையும் எழுதினார். அடியில் கையெழுத்தும் போட்டார். பிறகு தாளை மகளிடம் கொடுத்து, "கத்தினது ஆர் எண்டு கேட்டவருக்கு இதை அனுப்பு," என்றார்.